பேப்பர் இல்லாத சனங்கள்

புதுச்சேரியையும் பிரான்சையும் சேர்த்து எழுதுகிறவர்கள் கடற்கரை, மஞ்சள் சுவர், போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். பாகூர், வில்லியனூர் பக்கத்துச் சேரிகளுக்குப் பிரான்சு வந்து சேர்ந்தது வேறு வழியில். எங்களுக்கு அது ஒரு சொல்தாவின் பென்ஷன். அந்தப் பென்ஷனில் கட்டிய ஒரு மொசைக் தரை வீடு. கல்யாணப் பேச்சில் 'மாப்பிள்ளை நேஷனாலிட்டி உள்ளவரு' என்று சொன்னதும் ஏறுகிற நகையும் பணமும். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பாரீசில் விசா முடிந்துபோய், கார்டு இல்லாமல், போலீஸ் வண்டியைப் பார்த்தால் தெருவை மாற்றி நடக்கிற எங்கள் பையன்கள். அவர்களைப் பற்றி ஊரில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. கேட்டால் 'பிரான்சுல இருக்கான்' என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

பிரெஞ்சுக்காரர்கள் இவர்களுக்கு வைத்திருக்கிற பெயர் 'சான் பப்பியே'. பேப்பர் இல்லாதவர்கள் என்று அர்த்தம். எனக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் சிரிப்புதான் வந்தது. நிலத்துக்குப் பட்டா இல்லை, பிறப்புக்குப் பதிவு இல்லை, வாங்கின கூலிக்குச் சீட்டு இல்லை என்று தலைமுறை தலைமுறையாக இருந்த சனம் இது. பாரீசுக்குப் போய்த்தான் பேப்பர் இல்லாதவனாக வேண்டுமா?

எங்கள் தாத்தாவும் சின்னத் தாத்தாவும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள். சின்னத் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் போனார், அப்புறம் பிரான்சு. தாத்தா பாகூர் ஏரிப் பாசனத்தில் ஒரு பண்ணையில் படியாளாக இருந்தார். பறையன் பட்டாளத்தில் சேர்ந்தால் காலில் பூட்ஸ் போடலாம், ஊர்த் தெருவில் அதோடு நடக்கலாம் என்பதுதான் சின்னத் தாத்தா சேர்ந்த காரணம் என்று ஆயா சொல்லும். அதற்கும் முன்னால், 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, சாதி வழக்கத்தையும் இந்துச் சட்டத்தையும் எழுத்தில் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் போகிறேன் என்று பதிந்து, ஒரு குடும்பப் பெயரும் வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. ரெனோன்சான் என்று பெயர். அவர்களில் தலித்துகளும் கிறித்தவர்களும் அதிகம். மேல்சாதித் தலைவர்கள் அதை எதிர்த்துப் பெரிய அரசியல் நடத்தினார்கள். ஒரு கையெழுத்தில் சாதி போய்விடும் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள் என்று சொல்வது சுலபம். அந்தக் கையெழுத்தைத் தடுக்க ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள் என்று கேட்டால்தான் விஷயம் புரியும்.

1954 அக்டோபர் 18ஆம் தேதி, இதே வில்லியனூர் கொம்யூனில் உள்ள கீழூரில் ஓட்டெடுப்பு நடந்தது. சட்டமன்ற உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர். இந்தியாவோடு சேர 170, வேண்டாம் என்று 8. சனங்கள் ஓட்டுப் போடவில்லை, சனங்களுக்காகப் போடப்பட்டது. நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. கைமாறியது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெள்ளைக்காரன் ஆட்சிக்கு ஏங்குகிற கட்டுரை இது அல்ல. ஆனால் ஆட்சி மாறும்போது சனங்களின் பேப்பருக்கு என்ன ஆகிறது என்பதை யார் பார்த்தார்கள்?

1956 மே 28ஆம் தேதி கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதில் குடியுரிமை பற்றிச் சில பிரிவுகள். இந்தப் பகுதிக்குள் பிறந்து, அந்தத் தேதியில் இங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியர் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே பிறந்தாலும் இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவர்கள் ஒன்றும் எழுதத் தேவையில்லை, பிரெஞ்சுக்காரராகவே நீடிப்பார்கள். ஆகவே தென் பிரான்சில் பட்டாள முகாமில் இருந்த சின்னத் தாத்தா ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதாமல் பிரெஞ்சுக்காரர். பாகூரில் இருந்த அவர் கூடப்பிறந்தவர் கணக்கு வேறு.

ஆறு மாதம் என்பது காகிதத்தில் நிறைய நாள். ஆவணி பிறக்கும்போது தொடங்கிய அந்த ஆறு மாதமும் இங்கே சம்பாப் பட்டம். நாற்று விட்டு, நட்டு, களை எடுத்து, தை அறுப்பு முடிகிறவரைக்கும் படியாளுக்கு ஒருநாள்கூட லீவு கிடையாது. பட்டணத்துக்குப் போய் கோன்சுலாவில் நின்று, பிரெஞ்சில் எழுதின பாரத்தை யாரிடமாவது கொடுத்து நிரப்பி, எத்தா சிவில் நகல் எடுத்து... ஆயா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அப்பிடி ஒண்ணு இருக்குதுன்னே எங்களுக்குத் தெரியாதுடா. பொங்கலுக்கு அப்பறம் மாதா கோயில் தெருவுல பேசிக்கிட்டாங்க. அதுக்குள்ள கெடு முடியப் போறன்னுடுச்சி. போறன்னு சொன்னதுக்குப் பண்ணையில, 'பாரீசுக்குப் போயி எவன் ஏரு ஓட்டப் போற'ன்னு கேட்டாங்களாம்." ஏறத்தாழ ஐயாயிரம் பேர் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக்காரராக நீடித்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு. எழுதத் தெரிந்தவர்கள், எழுதுகிறவனைத் தெரிந்தவர்கள், பட்டாளத்தில் ஆள் இருந்தவர்கள்.

இப்போது பேரன்களுக்கு வருவோம். சின்னத் தாத்தாவின் பேரன் பாரீசுக்கு வடக்கே சார்செல் பக்கம் இருக்கிறார். பிறந்ததும் அங்கேதான், ஓட்டும் உண்டு. என் பெரியப்பா மகன், அண்ணன், 2009இல் டூரிஸ்ட் விசாவில் போய்த் திரும்பவில்லை. ஒரே கொடியில் காய்த்த இரண்டு காய். ஒருத்தர் சித்துவாயேன், ஒருத்தன் சான் பப்பியே. சட்டம் பிரித்தது அவர்களை அல்ல, 1962 ஆகஸ்ட் 16 அன்று அவர்களின் தாத்தாக்கள் படுத்திருந்த இடத்தை.

அண்ணன் முதலில் தங்கியது சொந்தக்காரர் வீட்டில்தான். இரண்டு மாதத்தில் 'பேப்பர் இல்லாதவன வச்சிருந்தா எங்களுக்குக் கேஸு' என்று அனுப்பிவிட்டார்கள். இந்தப் பயம் அங்கே பரவலாக உண்டு, பலருக்கு வசதியாகவும் உண்டு. பணமோ வேலையோ எதையும் பதிலுக்கு வாங்காமல் தங்க இடம், சோறு, ஆலோசனை கொடுக்கிறவனைத் தண்டிக்கக் கூடாது என்று 2012 டிசம்பர் 31 சட்டமே சொல்கிறது. 2018 ஜூலை 6ஆம் தேதி பிரான்சின் அரசமைப்பு மன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், குடியரசின் முழக்கத்தில் உள்ள சகோதரத்துவம் வெறும் அலங்காரம் அல்ல, சட்ட மதிப்புள்ள கொள்கை என்று தீர்ப்புச் சொன்னது. சகோதரத்துவம் என்ற சொல்லை அம்பேத்கர் நம் அரசமைப்பின் முகப்பில் வைத்தார். எழுபத்தைந்து ஆண்டாக அது அங்கேயே இருக்கிறது, தெருவுக்கு இறங்கவில்லை.

பேப்பர் இல்லாதவனுக்குப் பிரான்சில் என்ன உரிமை? 'ஒண்ணும் கெடையாது' என்றுதான் அண்ணனிடம் எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப்பேர் அவனை வைத்து வேலை வாங்கினவர்கள். உண்மை அப்படியில்லை. பேப்பர் இல்லாமல் இருப்பது மட்டுமே ஜெயிலில் போடுகிற குற்றம் இல்லை. அந்தக் குற்றப் பிரிவையே மேலே சொன்ன 2012 சட்டம் எடுத்துவிட்டது. ஆனால் சோதனைக்காகப் பிடித்து 24 மணிநேரம் வைக்கலாம், நாட்டைவிட்டுப் போகச் சொல்லி உத்தரவு கொடுக்கலாம், தடுப்பு மையத்தில் 2018 சட்டப்படி 90 நாள் வரை அடைக்கலாம். குற்றம் இல்லை, ஆனால் பூட்டு உண்டு. அந்த உத்தரவை எதிர்த்து நிர்வாக நீதிமன்றம் போகலாம். போவதற்கு உள்ள நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உத்தரவுக் கடிதம் பழைய முகவரிக்குப் போய்விட்டால் கெடு கதவுக்கு வெளியிலேயே முடிந்துபோகும்.

வைத்தியம் உண்டு. 1999 சட்டத்தில் வந்து 2000த்திலிருந்து நடக்கிற அரசு மருத்துவ உதவி: மூன்று மாதம் அங்கே இருந்ததைக் காட்டி, வருமானம் வரம்புக்குக் கீழே என்றால், ஒரு வருஷத்துக்கு அட்டை தருவார்கள். ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள். 2023 நவம்பரில் செனட்டில் இதை ஒழிக்க ஓட்டுப் போட்டார்கள், சட்டமாகவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. 2019 முதல் 3 வயதிலிருந்து 16 வரை கட்டாயம், அப்பன் ஆத்தாளிடம் விசா இருக்கிறதா என்று கேட்டு இடம் மறுக்க முடியாது. எங்கள் ஊரில் சாதிச் சான்றிதழ் வாங்கி வா என்று எத்தனை முறை பிள்ளையைத் திருப்பி அனுப்பினார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது கூலி. 1981 அக்டோபர் 17ஆம் தேதிச் சட்டத்திலிருந்து, பேப்பர் இல்லாமல் வேலை செய்கிறவனும் முதலாளியின் கடமைகள் விஷயத்தில் முறையாக வேலைக்கு வைக்கப்பட்டவனுக்குச் சமம். செய்த வேலைக்குக் கூலி முழுசாக, ஓவர்டைமோடு. வேலை முறிந்தால் மூன்று மாதச் சம்பளம் இழப்பீடு. எத்தனை நாள் வேலை செய்தான் என்று நிரூபிக்க முடியாவிட்டாலும், முதலாளி மறுத்து நிரூபிக்காதவரை, மூன்று மாதம் செய்ததாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது 2011 ஜூன் 16 சட்டம். சட்டத்துக்குப் புறம்பாக ஆள் வைத்தது முதலாளியின் குற்றமே தவிர வேலை செய்தவன் குற்றமில்லை.

அண்ணன் ஒரு ஓட்டலில் கோப்பை கழுவினான். இந்த 'கோப்பை கழுவுதல்' என்ற வார்த்தை ஈழத்துக்காரர்கள் கொடுத்தது, இப்போது எல்லோருக்கும் அதுதான். முதலாளி நம்ம பக்கத்து ஆள், ஊர்த்தெரு ஆள். காலை பத்திலிருந்து ராத்திரி பன்னிரண்டு. முதல் நாளே, 'உங்க அப்பா எந்தத் தெரு?' என்று கேட்டிருக்கிறார். அதற்குப்பிறகு அண்ணனுக்குச் சாப்பாடு பின்பக்கம், தனித் தட்டு. பாரீசில், லா ஷப்பேல் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில். தட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டான், ஏழு மாதச் சம்பளம் நின்றபோதுதான் கேட்டான். வந்த பதில்: "பேப்பர் இல்லாதவனுக்கு ஏதுடா கணக்கு? போலீசுக்குப் போன் போடட்டுமா?"

இதே பேச்சை நான் வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறேன். தாத்தா படிக்கடன் கணக்குக் கேட்டபோது பண்ணையில் சொன்னது: எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஏதுடா கணக்கு.

அந்த லா ஷப்பேல் பகுதியில்தான் சேன்-பெர்னார் மாதாக்கோயில் இருக்கிறது. 1996 மார்ச் 18ஆம் தேதி ஏறத்தாழ 300 ஆப்பிரிக்கர்கள், பெரும்பாலும் மாலி, செனெகல் சனங்கள், பெண்களும் பிள்ளைகளுமாக முதலில் சேன்-அம்புருவாஸ் கோயிலுக்குள் போய் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து விரட்டப்பட்டு, பல இடம் மாறி, கடைசியாக சேன்-பெர்னார். உண்ணாவிரதம் இருந்தார்கள். ஆகஸ்ட் 23ஆம் தேதி போலீஸ் கோடரியால் கதவைப் பிளந்துகொண்டு உள்ளே நுழைந்தது. மஜிகேன் சிசே என்ற செனெகல் பெண் அவர்களுக்காகப் பேசியவர்களில் ஒருவர். அதுவரை பத்திரிகைகள் 'கள்ளக் குடியேறிகள்' என்று எழுதிக்கொண்டிருந்தன. நாங்கள் ஒளிந்திருப்பவர்கள் அல்ல, பேப்பர் மறுக்கப்பட்டவர்கள் என்று சொல்லி 'சான் பப்பியே' என்ற சொல்லை நாடு முழுக்கச் சொல்ல வைத்தவர்கள் அவர்கள். தலித் என்ற சொல்லை நாம் எடுத்துக்கொண்டது போல. அடுத்த ஆண்டு ஆட்சி மாறி, 1997 ஜூன் சுற்றறிக்கையில் ஏறத்தாழ 80,000 பேருக்குக் கார்டு கிடைத்தது. 2008 ஏப்ரலில் ஓட்டல் சமையலறைத் தொழிலாளிகள், சேஜேதே சங்கத்தின் துணையோடு, பேப்பர் இல்லாமலேயே வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கேயும் முன்னால் நின்றவர்கள் ஆப்பிரிக்கர்கள்.

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. நம் ஆட்கள், எங்கள் சேரி ஆட்களும் சேர்த்துத்தான், பாரீசில் அவர்களைக் 'காப்பிரி' என்றுதான் சொல்கிறார்கள். மெத்ரோவில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அண்ணனுக்கு வழக்குப் போட வழி காட்டியது தமிழன் இல்லை. பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவின ஒரு மாலி நாட்டுக்காரர். அவர்தான் சங்கத்துக்குக் கூட்டிப்போனார். 'எல்லாத்தயும் வச்சிரு. ஒரு டிக்கெட்டக்கூட கிழிச்சிப் போடாத' என்று அவர் சொன்னதாக அண்ணன் சொன்னான். மெத்ரோ மாதச் சீட்டு, சமையலறையில் எடுத்த போட்டோ, 'நாளைக்கு ஒம்போது மணிக்கே வா' என்று முதலாளி அனுப்பின மெசேஜ். இவைதான் சாட்சி. 2017இல் பிருதோம் என்கிற தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கு. அப்போது பேப்பர் இல்லாதவனுக்கு அந்த நீதிமன்றத்தில் இலவச வக்கீல் உதவி கிடையாது. சங்க வக்கீல் பார்த்தார். அந்தத் தடையை 2024 மே 28ஆம் தேதி அரசமைப்பு மன்றம் நீக்கியது. அதுவும் முதலாளிகள் மேல் வழக்குப் போட்ட பேப்பர் இல்லாத தொழிலாளிகள் கொண்டுபோன கேள்வியில்தான்.

2019இல் தீர்ப்பு வந்தது, அண்ணன் பக்கம். முதலாளி அதற்குள் கடையை வேறு பெயருக்கு மாற்றியிருந்தார். பாதிப் பணம் வந்தது. மீதி வரவில்லை.

அதே ஆண்டு இங்கே பெரியப்பா செத்துப்போனார். அண்ணன் வந்தால் திரும்பப் போக முடியாது. கட்டின பத்து வருஷமும் போய்விடும். செல்போனை மூங்கில் பாடையின் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தம்பிக்காரன் நடந்தான். பறை சத்தத்தில் அந்தப் பக்கம் என்ன பேசினான் என்று கேட்கவில்லை. கொள்ளி வைக்க வேண்டிய தலைமகன், பேப்பர் இல்லாத குற்றத்துக்கு இதைவிடப் பெரிய தண்டனை எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதவில்லை.

கார்டு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பீர்கள். 2012 நவம்பர் 28 சுற்றறிக்கை ஐந்து வருஷம் இருந்திருக்க வேண்டும் என்றது, கூடவே சம்பளச் சீட்டும் கேட்டது. கள்ளத்தனமாக வேலை வாங்கினவன் சம்பளச் சீட்டு கொடுப்பானா? முதலாளி செய்த குற்றத்துக்கு முதலாளியிடமிருந்தே ரசீது வாங்கி வா என்பது எந்த ஊர் நியாயம்? 2024 ஜனவரி 26 சட்டம், ஆள் பற்றாக்குறை உள்ள தொழிலில் கடந்த 24 மாதத்தில் 12 மாதம் வேலை, மூன்று வருஷம் குடியிருப்பு என்றால் முதலாளியைக் கேட்காமல் தானே விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வழி திறந்தது. அதுவும் 2026 முடிவு வரைக்குமான சோதனை ஏற்பாடு. 2025 ஜனவரி 23 சுற்றறிக்கை ஐந்தை ஏழாக்கி, பிரெஞ்சு மொழித் தேர்ச்சியும் கேட்கிறது. சுற்றறிக்கையில் இருப்பது உரிமை அல்ல, அதிகாரி மனசு வைத்தால் கிடைப்பது. இந்த வித்தியாசத்தை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த வழக்கு அலைச்சலில்தான் சங்கத்து வக்கீல் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: உங்கள் அப்பா எங்கே பிறந்தார்?

பாகூர் கொம்யூனின் தெற்கே பெண்ணையாறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அப்போது பிரிட்டிஷ் இந்தியா. பிரெஞ்சு எல்லை இங்கே ஒரே கோடாக ஓடவில்லை, துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு வரப்பு பிரெஞ்சு, அடுத்த வரப்பு இங்கிலீஷ். ஆயாவின் தாய்வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். தலைச்சன் பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். பெரியப்பா 1943இல் அங்கேதான் பிறந்தார். 1962 ஒப்பந்தம் பேசியது இந்தப் பகுதிக்குள் பிறந்தவர்களைப் பற்றி மட்டும். வெளியே பிறந்த பிரெஞ்சுக்காரர்களை அது தொடவே இல்லை, அவர்கள் எதுவும் எழுதாமலே பிரெஞ்சுக்காரராக நீடித்தார்கள் என்று பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அன்றைக்குப் பெரியப்பாவுக்கு 19 வயது, அப்பனோடு சேர்த்து எண்ணுகிற 18 வயசுக் கணக்குக்குள்ளும் அவர் இல்லை. ஆக, சாகிறவரை கரும்பு வெட்டின அந்த மனுஷன், தனக்கே தெரியாமல் பிரெஞ்சுக் குடிமகன். அவர் மகன் பதினைந்து வருஷமாகப் போலீசுக்கு ஒளிகிறான்.

'அப்ப எனக்குப் பேப்பர் பொறந்தப்பவே இருந்துச்சா தம்பி?' என்று அண்ணன் போனில் கேட்டான்.

இருந்தது, இப்போது இல்லை. பிரெஞ்சு சிவில் சட்டத்தில் 30-3 என்று ஒரு பிரிவு. முன்னோர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டால், அப்பனோ மகனோ பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்டதற்கு ஒரு அடையாளமும் இல்லாவிட்டால், வம்சாவழிப்படி நான் பிரெஞ்சுக்காரன் என்று நிரூபிக்கவே அனுமதி இல்லை. 1962 ஆகஸ்ட் 16இலிருந்து எண்ணினால் 2012 ஆகஸ்ட் 16. அண்ணன் பாரீசில் இறங்கியது 2009. மூன்று வருஷம் கதவு திறந்திருந்தது. நொத்தேர் வைத்திருந்த குடும்பங்களுக்கு அது தெரிந்திருந்தது. எழுதிக் கொடுக்க ஆறு மாதம், நிரூபிக்க ஐம்பது வருஷம்: இரண்டு கெடுவும் சேரிக்குத் தெரியாமலே முடிந்தன.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? புதுச்சேரி அட்டவணைச் சாதிகளுக்கான ஆணை 1964இல் வந்தது. அதை வைத்து எங்களைப் பூர்வீகம், குடிபெயர்ந்தவர் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதே ஆற்றைத் தாண்டி வாழ வந்த பெண் அதே சாதி, அதே சேரி, அதே இழிவு. சான்றிதழில் மட்டும் அந்நியம். பாரீசில் காட்டுகிற கோட்டை நாம் பாகூரிலேயே வரைந்து வைத்திருக்கிறோம்.

அண்ணன் பிடிவாதக்காரன். பெரியப்பாவை எப்போதாவது பிரெஞ்சுக்காரராக எழுதின ஒரு காகிதம் கிடைத்தால் 30-3ஐத் தாண்ட வாதம் இருக்கிறது என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஒரு எத்தா சிவில் பதிவு, ஒரு வாக்காளர் பட்டியல், எதுவானாலும். நான் முதலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிறப்புப் பதிவு தேடப் போனேன். அந்தக் காலத்தில் கிராம முன்சீப் எழுதினது. 1943ஆம் வருஷத்துப் புத்தகத்தில் ஊர்த்தெருப் பிறப்புகள் வரிசையாக இருக்கின்றன. சேரிக்கு நான்கு வரிகள். இரண்டில் 'ஆண்' என்று மட்டும், பேர் இல்லை. தகப்பன் பேர் இருக்க வேண்டிய இடத்தில் சாதி பேர். அதில் ஒன்று பெரியப்பாவாக இருக்கலாம். எழுத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது உங்க ஆளுன்னு எப்பிடிச் சொல்றீங்க?" என்று கேட்டார். இரண்டு வரிக்கும் நகல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.